தட்டச் சொன்னது யார், தினேஷ்?

என் உயிர் தினேஷுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் முதலாண்டுத் திதி நெருங்குகிறது. பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு அதன் கீழே நான்கு வரி எழுதித் தரச் சொல்லி, பெடாஸிலிருந்து உன் மாமா போன் செய்துகொண்டே இருக்கிறார். நானும் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாரும் எழுதுவதைப் போல என்னாலும் எழுத முடியும்தான். ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது நான்கு வரியில் அடங்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். பேசுவது உன்னோடுதான்.

முதலில் ஒரு சேதி. சிரிக்கக் கூடாது. உன் ஜியூ-ஜிட்சு வகுப்பில் அப்பாவுக்கு ஒரு கோடு கிடைத்திருக்கிறது. போன வாரம் கோச் அஸ்லான் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, என் வெள்ளை பெல்ட்டின் நுனியில் இருக்கும் கறுப்புப் பட்டையில் டேப்பைக் கிழித்து ஒட்டினார். பையன்கள் கை தட்டினார்கள். ஐம்பதைத் தாண்டிய போர்க்லிப்ட் டிரைவர், உன் அப்பன், வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான்.

நான் இந்த வகுப்புக்கு எப்படி வந்தேன் என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கே ஆச்சரியம்தான்.

அன்று நடந்தது உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, எனக்குத் தெரியாது. உன் மோட்டார் சைக்கிள் பட்டறையில் கிடந்தது. மாலை வகுப்பு முடிந்து உன் கூட்டாளி ரியாஸின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்தாய். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. நம் குடியிருப்புக்கு வரும் தோட்டத்துப் பாதையில், செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்கும் அந்த வளைவில், ஏதோ லோரியிலிருந்து சிந்திய செம்பனைப் பழங்கள் நசுங்கி எண்ணெய் கசிந்து கிடந்தன. மழையில் அந்த எண்ணெய் வழுக்கியது. முன் சக்கரம் சறுக்கிவிட்டது. ரியாஸுக்குத் தோள் பக்கம் காறை எலும்பு உடைந்தது. உனக்கு நடந்ததை நான் எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் ரியாஸைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். உன் அம்மா அவன் சட்டையைப் பிடித்துக் கத்தினாள். "என் பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போயி கொன்னுட்டியேடா!" நர்ஸ்கள் வந்து பிரித்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அன்றிலிருந்து நம் வீட்டில் யாரும் அவன் பெயரை எடுப்பதில்லை.

போலீஸ் உன் பையைக் கொண்டுவந்து கொடுத்தது. அம்மா அதை ஜிப்பைக்கூடத் திறக்காமல் உன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடிந்து வெகு நாள் கழித்து, ஒரு மத்தியானம் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது நான் அதை இழுத்துத் திறந்தேன். உன்னுடைய வெள்ளை கி, அந்தத் தடித்த சட்டையும் காற்சட்டையும், பந்து போல் சுருட்டிக் கிடந்தது. மழைக் காலத்தில் ரப்பர் சீட்டில் பூப்பது போல மேலெல்லாம் பூஞ்சை. பிரித்துப் பார்த்தால் உள்மடிப்பு இன்னும் ஈரமாக இருந்தது. முகத்தில் வைத்தேன். பூஞ்சை நாற்றத்துக்கு அடியில் நீ இருந்தாய்.

போர்டிக்சன் கடலில் உன்னைக் கரைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, தினேஷ். உன் வியர்வை மட்டும் காயாமல் இருந்தது.

இந்தப் பிள்ளை எங்கே போய் இப்படி வியர்த்தான் என்று எனக்குப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. மறுநாள் வேலை முடிந்ததும் நீலாய் டவுனுக்குள் போய், வகுப்பு மாடியில் என்று நீ சொல்லியிருந்த அந்த டயர் கடையைத் தேடிப் பிடித்து, மாடிப்படி ஏறினேன். கதவைத் திறந்ததும் அதே வாசனை. கூடம் முழுக்க நீல மெத்தை விரித்திருந்தார்கள். உன் வயதுப் பையன்கள் ஜோடி ஜோடியாகத் தரையில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முதுகையும் நீயா நீயா என்று பார்த்தேன்.

கோச் அஸ்லான் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். மலாய்க்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். "தினேஷோட அப்பாவா?" என்று மலாயில் கேட்டார். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டதாம். ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து குனிந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். எல்லாக் கையும் ஈரம். கடைசியில் கோச்சிடம் என் வாய் தானாகக் கேட்டது: "எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. என் முழங்காலைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். "போலே லா, அங்கிள். ப்லான் ப்லான்" என்றார். முடியும், மெதுவாக மெதுவாக.

நீ எனக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறாய். அடி கிடையாது, உதை கிடையாது. ஆளைத் தரையில் போட்டுப் பிடித்து, கையையோ கழுத்தையோ மடக்க வேண்டும். மாட்டிக்கொண்டவன் போதும் என்று இரண்டு தட்டுத் தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். "அவ்ளோதாம்ப்பா, தட்டத் தெரிஞ்சா பயமே இல்ல" என்பாய். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டே ம்ம் கொட்டுவேன்.

முதல் பாடம் இறால். உனக்குத் தெரியும். மல்லாந்து படுத்து, குதிகாலை ஊன்றி, ஒருக்களித்து, இடுப்பைப் பின்னால் தள்ளித் தள்ளி மெத்தையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக வேண்டும். சின்ன வயதில் தோட்டத்தில் செம்பனைக் குலை தூக்கிய உடம்பு இது, இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். பாதி வழியில் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். என்னைத் தாண்டி எல்லா இறாலும் போய்விட்டது.

பிறகு மேய் லிங் என்ற பெண்ணோடு ஜோடி போட்டார்கள். பக்கத்துக் காலேஜில் படிக்கிறாள், என் எடையில் பாதிகூட இருக்க மாட்டாள். பொண்ணாச்சே, எங்கே பிடிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அலமாரி சாய்ந்து விழுந்த மாதிரி இருந்தது. "அங்கிள், மூச்சு விடுங்க! மூச்சு!" என்று அவள்தான் மலாயில் கத்தினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதே எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் உன் முகத்துத் துணியை விலக்கினார்களே, அப்போது அடக்கியதை நான் இன்னும் விடவே இல்லை போலிருந்தது.

ஆக, நான் கற்றுக்கொண்டது முதலில் மூச்சு விடத்தான். அப்புறம் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ள. அப்புறம், மேலே ஆள் கிடக்கும்போது கைப்பலத்தால் தூக்கி எறியப் பார்க்காமல், பக்கவாட்டில் ஒரு சாண் இடம் உண்டாக்கிக்கொள்ள. ஒரு நாள் மேய் லிங்கின் அடியிலிருந்து முழுசாக வெளியே வந்துவிட்டேன். அவள் எழுந்து நின்று குதித்தாள். அன்று மோட்டாரில் வீட்டுக்கு வரும்போது உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, ஒரு கையால் பையில் போனைத் துழாவினேன், தெரியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ ஸ்டாண்டர்ட் நாலோ ஐந்தோ படிக்கும்போது காய்ச்சலில் உன்னைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். அதற்கப்புறம் நான் உன்னைக் கட்டிப்பிடித்ததாக நினைவில்லை. நம் வீடுகளில் வளர்ந்த மகனை அப்பன் தொடுவதில்லை, அவ்வளவுதான். கடைசியில்கூட உன் பாதத்தை மட்டும்தான் பிடித்தேன். ஆனால் இந்த மெத்தையில் யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் தலை என் நெஞ்சில் கிடக்கிறது. அவர்கள் வியர்வை என் கண்ணில் விழுகிறது. சில நேரம் பிடியை விட வேண்டிய இடத்தில் ஒரு நொடி கூடுதலாகப் பிடித்திருக்கிறேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

உன் அம்மாவிடம் நான் ஓவர்டைம் என்று சொல்லித்தான் போய்வந்தேன். என் கியைப் பாக்டரி லாக்கரில் வைத்துக்கொண்டேன். ஆனால் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அவள் உள்ளே படுத்திருந்தாள். கூடத்தில் நான் சோபாவைத் தள்ளிவிட்டு, வெறும் தரையில் இறால் பழகினேன். குதிகால் ஊன்றும், இடுப்பு விழும். தொப், தொப். கொஞ்ச நேரத்தில் அறைக் கதவு படாரென்று திறந்தது. "தினேஷு! எத்தன தடவ சொல்றது, சாப்பிட்டதும் புரளாதன்னு—" என்று சொல்லிக்கொண்டே உன் அம்மா ஓடி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து, முகத்தில் ஒரு சிரிப்போடு.

அந்தச் சிரிப்பை நான் பார்த்துவிட்டேன். நீ பார்க்கவில்லையே, அது நல்லது.

தரையில் கிடந்த என்னைப் பார்த்தாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். அதே கூடத்தில், அதே இடத்தில், அதே சத்தத்தோடு நீ மத்தியானம் மத்தியானமாக நெளிந்துகொண்டு கிடப்பாய். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ இந்தச் சத்தம் இந்த வூட்டுல கேட்டிச்சின்னா, நானும் போயிருவேங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் பாக்டரியில், மரப்பலகைகள் அடுக்கிய கிடங்குக்குப் பின்னால்தான் பழகுகிறேன்.

இனி ரியாஸ்.

விபத்துக்குப் பிறகு அவன் வகுப்புக்கு வருவதை நிறுத்தியிருந்தான். எலும்பு கூடிவிட்டதாம், விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கு வேலைக்குக்கூடத் திரும்பிவிட்டானாம், ஆனால் மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை என்று பையன்கள் சொன்னார்கள். ஒரு நாள் நான் மெத்தை ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. அவன்தான். இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிட்டான். கோச் செருப்புக்கூடப் போடாமல் படியில் இறங்கி ஓடி, அவன் தோளில் கை போட்டுக் கூட்டிவந்தார்.

பல வாரம் அவன் அந்த மூலை, நான் இந்த மூலை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. போன மாதம் ஒரு நாள் கோச் எங்களைக் கேட்காமலே ஜோடி போட்டார். கைகொடுத்துவிட்டுத் தொடங்கினோம். அவன் பிடியில் ஒரு பிடியும் இல்லை. நான் தள்ளினால் விழுந்தான். மேலே ஏறினால் அப்படியே கிடந்தான். நான் ஒன்றும் செய்யாமலேயே தட்டினான். மறுபடியும் தட்டினான்.

"ஒழுங்கா செய்யுப்பா" என்றேன்.

"என்னால முடியல அங்கிள்."

"என்னைய பாவம் பாக்காதய்யா. தினேஷுகூட எப்படிச் செய்வியோ அப்படிச் செய்யி."

உன் பெயரை அவன் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் கண்ணில் என்னவோ மாறியது. அடுத்த சுற்றில் நான் எங்கே திரும்பினேன், அவன் எப்படி என் முதுகுக்குப் பின்னால் வந்தான், ஒன்றும் தெரியவில்லை. கால்கள் இரண்டும் என் இடுப்பைச் சுற்றிக் கொக்கி போட்டன. கை தாடைக்கு அடியில் நுழைந்தது. அவன் நெற்றி என் வலது காதுக்குப் பின்னால் வந்து முட்டியது. மூக்கால் ம்ம்ம் என்று ஒரு சத்தம்.

தினேஷ், அது உன் பிடி.

அடுப்படியில் அம்மா குழம்பு தாளித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் போய்க் கட்டிக்கொண்டு, நெற்றியை அவள் காதுக்குப் பின்னால் முட்டி, அதே ம்ம்ம் போட்டு, "தட்டுங்கம்மா, விட்டுர்றேன்" என்பாயே. அவள் கரண்டியால் உன் கையில் ரெண்டு போடுவாள். வேறு யாரும் அப்படி நெற்றியை முட்டி நான் பார்த்ததில்லை. உன்னோடு புரண்டு புரண்டு அவனுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நான் தட்டவில்லை. மறந்துபோய்த் தட்டாமல் இல்லை. தட்டினால் விட்டுவிடுவான் என்று எனக்குத் தெரியும். விட்டுவிட்டால் நீ போய்விடுவாய்.

வலி ஒன்றும் இல்லை. முதலில் டயர் கடைச் சத்தம் நின்றது. பிறகு விசிறிச் சத்தம். மெத்தையின் நீலம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. எனக்குப் பயமே இல்லை, இப்படியே போனால் உன்னிடம்தான் போவோம் என்று ஒரு நிம்மதி. அப்போது என் முகத்துக்கு நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில், ஒரு குரல் கேட்டது.

"அப்பா, தட்டுங்க."

கெஞ்சுகிற குரல் இல்லை. சலித்துக்கொள்கிற குரல். நான் போனில் ஏதோ தப்பாக அமுக்கிவிட்டால் நீ சொல்வாயே, அந்தக் குரல்.

அப்புறம் என் கால்களை யாரோ தூக்கிப் பிடித்திருந்தார்கள். கோச் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். மேய் லிங் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ரியாஸ் சுவரோடு சுவராக ஒண்டி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, அவை யாருடைய கைகளோ என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோச்சுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "அங்கிள், தட்டாத ஆளுக்கு இங்க இடமில்ல. ஒண்ணு தட்டுங்க, இல்லாட்டி வராதீங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தபோது ரியாஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். நான் அவனுக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தேன்.

"வேணும்னேதானே அங்கிள் சும்மா இருந்தீங்க?"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"இன்னொரு ஆளு என் கையில போயிட்டா நா எங்க லா போவேன்? சொல்லுங்க. உங்க வூட்டுலயே ரெண்டு பேரு. நா எங்க போவேன்?"

எனக்கு அது தோன்றவே இல்லை, தினேஷ். உன்னிடம் வரும் வழியில் இந்தப் பிள்ளையின் மேல் மிதித்துக்கொண்டு வரப் பார்த்திருக்கிறேன். கீழே இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். மெத்தையில் பழகியதால் கை தயங்கவில்லை. வெகு நேரம் அழுதான்.

"நீங்க லேட்டாத்தான் தட்டுனீங்க" என்றான் பிறகு. "ஒடம்பு தொவண்டுருச்சி. நா பயந்துட்டேன். அப்புறம் பாத்தா என் கையில ரெண்டு தட்டு. நல்லா அழுத்தமா. அதான் ஒடனே விட்டேன்."

நான் தட்டியதாக எனக்கு நினைவே இல்லை. என் கை எங்கே இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

"நீ என்னைத் தட்டச் சொன்னியா? அப்பான்னு கூப்பிட்டியா?" என்று கேட்டேன்.

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "நா வாயே தொறக்கல அங்கிள். அதோட நா எதுக்கு அப்பான்னு கூப்புடப் போறேன்? எங்க வூட்டுல அப்பாவ ‘அத்தா’ன்னுதான் கூப்புடுவோம்."

கீழே டயர் கடைக்காரர் கதவை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. அது நீயா? அந்த இரண்டு தட்டு யார் தட்டியது? கேட்க வேண்டியவனிடம்தான் கேட்கிறேன்.

போகும்போது அவனே ஒன்று சொன்னான். இத்தனை நாள் யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அன்று அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் நீ அவன் முதுகில் தட்டி, "அம்மா சாம்பார் வச்சிருக்காங்க, நீயும் வந்து சாப்ட்டுட்டுப் போடா" என்றாயாம். அவன் மழை வருது, இன்னொரு நாள் வர்றேன் என்றானாம். "ஒரு வாய் சாப்ட்டா கொறஞ்சா போயிருவ" என்றாயாம். அதுதான் கடைசி.

இதை நான் உன் அம்மாவிடம் மறைக்க முடியாது. அன்றே சொன்னேன். வகுப்புக்குப் போவது, ரியாஸ், உன் பிடி, நீ சாப்பிடக் கூப்பிட்டது எல்லாம். மயங்கியதை மட்டும் சொல்லவில்லை. அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, உன் கி தோய்த்துக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. கைகளை விரித்துக்கொண்டு, வெள்ளையாக. நான் மோட்டாரைக் கிளப்ப முடியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு நாள், உன் அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பையன வரச் சொல்லுங்க. எம்புள்ள கூப்புட்ட சோறு. போட்டு அனுப்பிருவோம்."

போன ஞாயிற்றுக்கிழமை ரியாஸ் வந்தான். அவன் வீட்டார் நீலாயில் நடத்தும் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு டப்பா நிறைய இனிப்பு கொண்டுவந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தப் பக்கம்டா ஒடஞ்சிச்சி?" என்றாள். அவன் இடது தோளைக் காட்டினான். சட்டைக் காலரை விலக்கச் சொன்னாள். எலும்பின் மேல் நீளமாக ஒரு தழும்பு. அதை விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் தடவினாள். "வலிக்குதா?" என்றாள். "மழ பேஞ்சா வலிக்கும் ஆன்ட்டி" என்றான். "உள்ள வா" என்றாள்.

சாம்பார், பீன்ஸ், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம். அவன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். அம்மா நின்றபடி பரிமாறினாள். தட்டில் சோறு குறைந்ததும் அகப்பையை எடுத்துக்கொண்டு, "தினேஷு, இன்னுங் கொஞ்சம் போடவாய்யா?" என்றாள்.

அகப்பை அந்தரத்தில் நின்றது. என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"கொஞ்சமா போடுங்கம்மா" என்றான் ரியாஸ்.

அவள் போட்டாள். அவன் சாப்பிட்டான். யாரும் எதையும் திருத்தவில்லை.

கிளம்பும்போது நானும் அவனோடு என் மோட்டாரில் தோட்டத்துப் பாதை வரைக்கும் போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. அந்த வளைவு வந்ததும் அவன் இறங்கி மோட்டாரைத் தள்ள ஆரம்பித்தான். இன்று வரும்போதும் இப்படித்தான் தள்ளிக்கொண்டு வந்தானாம். நானும் இறங்கித் தள்ளினேன். நீ விழுந்த இடத்தில் நான் கட்டிய மாலை காய்ந்து சருகாகித் தொங்கியது. அதைத் தாண்டியதும் அவன் என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"அங்கிள், உங்களுக்கும் இங்கேருந்து மோட்டார் கனக்குதா?"

நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. வகுப்பு முடிந்து வரும்போதெல்லாம் அந்த வளைவிலிருந்து நம் வீட்டு வாசல் வரைக்கும் என் மோட்டார் கனக்கும். பின்பக்கம் இறங்கும். முதலில் டயரில் காற்று இல்லையோ என்று பார்த்தேன். பிறகு மெத்தையில் ஆட்களின் கனத்தைப் பழகப் பழக எனக்கே தெரிந்துவிட்டது. ஆள் தன் எடையை நம் மேல் சாய்த்தால் எப்படி இருக்கும், நம்மைத் தொடாமல் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று. பின்னால் இருப்பது நிமிர்ந்து உட்காரவில்லை. களைத்துப்போய் என் முதுகில் சாய்ந்திருக்கிறது.

"ஆமாய்யா" என்றேன். "வூட்டுக்கிட்ட வந்ததும் லேசாயிரும்."

"எனக்கும் அப்படித்தான், இன்னிக்கி வாசலுக்கு வந்ததும்" என்றான் அவன். வளைவைத் தாண்டி ஏறி உட்கார்ந்து போய்விட்டான். அவன் மோட்டார் செம்பனைக்குள் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தினேஷ், உனக்கு நான் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் பிடி இறுகினால் தட்டுவேன். யார் பிடியாக இருந்தாலும், உன்னுடையதாகவே இருந்தாலும், நேரத்தோடு தட்டுவேன். உன்னிடம் குறுக்கு வழியில் வரப் பார்க்க மாட்டேன். இங்கே உன் அம்மா இருக்கிறாள். ரியாஸ் இருக்கிறான். புதன்கிழமை வகுப்பு இருக்கிறது.

மழைக் காலம் மறுபடியும் தொடங்கிவிட்டது. நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். உனக்கு எப்போது களைப்பாக இருந்தாலும் அந்த வளைவில் ஏறிக்கொள், அப்பா முதுகில் நன்றாகச் சாய்ந்துகொள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். நம் வாசல் வந்ததும் நீயே இறங்கிக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும்.

உன்னைப் பெற்று, உன்னிடமே தட்டக் கற்றுக்கொண்ட
உன் அப்பா